அஞ்சலில் ஏறிய படம்



கணிப்பொறியின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியை இன்று உங்களுக்குக் கூற எண்ணுகிறேன். அதனை என் பிழையொன்றைச் சொல்லித் தொடங்குவதே முறையாகும்.

1996ஆம் ஆண்டில், நான் ஆசிரியனாக இருந்த ஊரில், நண்பர் ஒருவரின் இல்லத்தில் மின்னஞ்சல் வசதி இருந்தது. கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டுமே தோன்றும், படம் தோன்றாது. என்னுடன் பணியாற்றிய மூத்த ஆசிரியர் ஒருவரின் மகள் அயல்நாட்டில் பிள்ளை பெற்றிருந்தாள். குழந்தையின் படத்தை மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். அவருக்காக அதைப் பார்க்கச் சென்றவன் நான். ஐந்து மடல்கள் வந்திருந்தன. ஐந்திலும் பொருளற்ற எழுத்துகளும் குறிகளுமே வரிவரியாக நிறைந்திருந்தன. ஏறத்தாழ ஒவ்வொரு வரியும் ஆங்கில ‘எம்’ எழுத்தில் தொடங்கிற்று. வழியில் கெட்டுப்போன மடல்கள் என்று முடிவுகட்டி ஐந்தையும் அழித்துவிட்டேன். அழித்தது பேத்தியின் முகத்தை என்பது பின்னரே விளங்கியது. அப்பெரியவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அச்சிட்ட படம் தபாலில் வரும்வரை மூன்று வாரம் காத்திருந்தார்.

அந்த ‘எம்’ எழுத்துகள் எங்கிருந்து வந்தன?

1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு வலையமைப்பின் வழியே மடல் அனுப்பிக் காட்டினார். 1982இல் ஜான் போஸ்டல் என்பவர், மடல்கள் கைமாறிச் செல்லவேண்டிய நெறியை வகுத்து எழுதினார். ‘ஆஸ்கி’ என்னும் 128 குறிகளைக் கொண்ட பட்டியலே அந்நெறிக்கு அடிப்படை. ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி ஆகியவற்றுக்கு அது போதும். படத்தின் கோப்போ 256 வகையான மதிப்புகளைக் கொண்ட பைட்டுகளால் ஆனது. அதை அப்படியே மடலில் இட்டால் வழியிலேயே சிதையும். அக்காலத்துத் தந்தி அலுவலகத்தில் சேலை ஒன்றை நீட்டி, இதையும் அனுப்புங்கள் என்று கேட்பதைப் போன்றதே அது.

சேலையை அனுப்ப முடியாது. ஆனால் இழை இழையாக அதன் நிறத்தை எழுதி அனுப்பலாம் அன்றோ? பெர்க்லி நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மேரி ஆன் ஹார்ட்டன் 1980இல் செய்தது ஏறத்தாழ அதுதான். ‘யூயூஎன்கோட்’ என்பது அவர் எழுதிய நிரலின் பெயர். மூன்று பைட்டுகளில் 24 பிட்டுகள் உள்ளன. அவற்றை ஆறாறாகப் பிரித்தால் நான்கு சிறு எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் அச்சிடத்தக்க ஒரு குறியை அளித்தார். வரியின் முதற்குறி, அவ்வரியில் எத்தனை பைட்டுகள் உள்ளன என்பதற்கான கணக்கு. முழு வரியில் 45 பைட்டுகள். 45க்கு உரிய குறி ‘எம்’. நான் குப்பை என்று கருதியது அந்தக் கணக்கைத்தான்!

இம்முறையில் குறைகளும் இருந்தன. அதன் குறிகளுள் வெற்றிடமும் ஒன்று. வரியின் இறுதியிலுள்ள வெற்றிடத்தைச் சில இடைநிலையங்கள் கத்தரித்துவிடும். ஐபிஎம் பெருங்கணிப்பொறிகள் வேறொரு குறிப்பட்டியலைக் கையாண்டதால் சில குறிகள் அங்கே உருமாறின. பெரிய கோப்பைத் துண்டு துண்டாக அனுப்ப வேண்டும். பெறுபவர் அவற்றைச் சேமித்து, வரிசைப்படுத்தி, ஒட்டி, மீண்டும் கோப்பாக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய குறை, உள்ளே இருப்பது இன்னது என்று அறிவிக்கும் சீட்டு இல்லாமையே. அது இருந்திருந்தால் என் கை தயங்கியிருக்கும்.

அச்சீட்டை அளித்தவர்கள் பெல்கோர் ஆய்வு நிறுவனத்தின் நத்தானியல் போரன்ஸ்டைனும், நெட் ஃப்ரீட் என்பவரும் ஆவர். 1992 ஜூன் மாதத்தில் வெளியான அவர்களது நெறிக்கு ‘மைம்’ என்று பெயர். பழைய அஞ்சற்பாதையை அவர்கள் இடித்துக் கட்டவில்லை. உலகெங்கும் பரவிவிட்ட பொறிகளை ஒரே நாளில் மாற்றுவது ஆகிற காரியமா? எந்தப் பொறியிலும் மாறாத 64 குறிகளை மட்டும் தேர்ந்தனர்: ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண் 10, கூட்டற்குறி, சாய்கோடு. மடலைப் பகுதிகளாகப் பிரித்து, இது எழுத்து, இது படம், இது ஒலி என ஒவ்வொன்றின் தலையிலும் எழுதினர். இந்த 64 குறி முறையில் கோப்பு மூன்றில் ஒரு பங்கு பருக்கும். அது வண்டிச்சத்தம் என்று கொள்ளுங்கள்.

படத்தை மடலில் அனுப்ப யாருக்கு வேண்டும் என்று வினவியவர்களிடம், பிற்காலத்தில் தம் பேரக்குழந்தைகளின் படத்தை மின்னஞ்சலில் பெற விரும்புவதாகப் போரன்ஸ்டைன் கூறினாராம். கேட்டவர்கள் நகைத்தனர். 1992 மார்ச் 11ஆம் நாள் அவர் அனுப்பிய மடலில், அவரும் உடன் பணிபுரிந்த மூவரும் சேர்ந்து பாடும் குழுவின் படமும் பாட்டொலியும் இணைந்து சென்றன. பிற்காலத்தில் பேத்திகளின் படமும் அவருக்கு வந்தது.

எழுத்துத்திரையில் இயங்கிய மடல் நிரல்களும் இந்நெறியை ஏற்றன. சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989இல் தொடங்கப்பெற்ற ‘பைன்’, அங்குள்ள அலுவலர்களின் பயன்கருதி எழுந்தது. அதில் மடலின் தலைப்பகுதியில் நின்று கண்ட்ரோல் விசையுடன் ‘ஜே’யை அழுத்திக் கோப்பின் பெயரைத் தட்டினால் போதும். படத்தைக் காட்ட இயலாத திரையும், படமொன்று வந்திருக்கிறது என்று சொல்லும். சேமித்து, வேறொரு நிரலால் பார்த்துக்கொள்ளலாம். ஆயினும் பழைய முறை உடனே மறைந்துவிடவில்லை. நான் அந்த ஐந்து மடல்களை அழித்தபோது மைம் தோன்றி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் மொழிக்கும் இதில் பங்குண்டு. யூனிகோடு முறையில் ‘அ’ என்பது இன்று பெரும்பாலும் 224, 174, 133 என்னும் மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. தாள் எடுத்து அவற்றை இரும எண்ணாக்கி, ஆறாறாகப் பிரித்துப் பாருங்கள்: 56, 10, 58, 5 என்று வரும். 64 குறிகளின் பட்டியலில் இவற்றுக்கு உரியவை 4, கே, 6, எஃப். இப்பேச்சின் எழுத்துப்படியை வானொலி நிலையத்துக்கு மின்னஞ்சலின் இணைப்பாகவே அனுப்பினேன். தலைப்பின் முதலெழுத்தாகிய அகரம் இந்த நான்கு குறிகளாய்ச் சென்று, அங்கே மீண்டும் அகரமாயிற்று.