பிலிம் ஸ்கேனர்

பிலிம் ஸ்கேனர் என்பது கழுவி உலர்த்திய நெகட்டிவ் அல்லது ஸ்லைடின் ஊடாக ஒளியைச் செலுத்தி, அதில் பதிந்துள்ள படத்தைக் கணினிக் கோப்பாக மாற்றும் கருவி. படச்சுருள் வருடி என்றும் இதைச் சொல்வதுண்டு. அச்சகங்களில் பயன்பட்ட பெரிய உருளை ஸ்கேனர்களிலிருந்து பிரித்துக்காட்ட, வீட்டிலும் சிறு ஸ்டுடியோக்களிலும் கணினிக்குப் பக்கத்தில் வைத்து இயக்கும் வகையை மேசை ஸ்கேனர் என்பார்கள். இவற்றில் பெரும்பாலானவை 35 மி.மீ. பிலிமுக்காக மட்டுமே செய்யப்பட்டவை. விலை உயர்ந்த சில மாதிரிகள் 120 வகை பிலிமையும் ஏற்கும்.

தாளில் அச்சான புகைப்படத்தை ஸ்கேன் செய்வதற்கும் நெகட்டிவை ஸ்கேன் செய்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. கேமராவுக்குள் ஒளி நேரடியாகப் பட்ட மூலம் பிலிம்தான். பிரிண்ட் அதிலிருந்து எடுத்த நகல். வெளிச்சம் எவ்வளவு, நிறம் எப்படி, ஓரத்தில் எதை வெட்டுவது என்பதையெல்லாம் லேபில் இருந்தவர் அதில் முன்பே முடிவு செய்துவிட்டார். 4×6 அங்குல பிரிண்ட் ஒன்றை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்தால் 1800×1200, அதாவது ஏறத்தாழ 22 லட்சம் பிக்சல்கள் கிடைக்கும். அதன் நெகட்டிவை 4000 டிபிஐ அளவில் படித்தால் சுமார் 5669×3780, அதாவது 2.14 கோடி பிக்சல்கள் கிடைக்கும். பிரிண்டில் வெறும் வெள்ளையாகிப்போன வேட்டியின் மடிப்புகளும் கருப்பில் புதைந்த தலைமுடியின் இழைகளும் பல நேரங்களில் நெகட்டிவில் பத்திரமாக இருக்கும்.

வரலாறு

படத்தை எண்களாக மாற்றிக் கணினிக்குள் கொண்டுவரும் முயற்சி 1957-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணயக் கழகத்தில் தொடங்கியது. ரஸ்ஸல் கிர்ஷ் குழுவினர் உருளை ஸ்கேனர் ஒன்றை அமைத்து, அவருடைய கைக்குழந்தையின் புகைப்படத்தை 176×176 புள்ளிகளாகக் கணினியில் ஏற்றினார்கள். பின்னர் அச்சுத் துறையில் நிலைபெற்ற உருளை ஸ்கேனர்கள் ஒளிப்பெருக்கிக் குழாய்களைக் கொண்டு மிக நுட்பமாகப் படித்தன. ஆனால் விலையும் உருவமும் வீட்டுக்குள் வரத்தக்கவையாக இல்லை.

1992-இல் கோடாக் நிறுவனம் போட்டோ சிடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிலிமை லேபில் கொடுத்தால், அங்கேயே ஸ்கேன் செய்து குறுந்தகட்டில் எழுதித் தருவார்கள். வழக்கமான தகட்டின் மிகப் பெரிய படம் 3072×2048 பிக்சல் கொண்டது. அதே பத்தாண்டில் நிக்கானின் கூல்ஸ்கேன், போலராய்டின் ஸ்பிரிண்ட்ஸ்கேன் முதலிய மேசைக் கருவிகள் பரவ, அந்த வேலை லேபிலிருந்து பயனர் கைக்கு மாறியது. 1997-இல் எச்பி வெளியிட்ட போட்டோஸ்மார்ட் ஸ்கேனர் பிரிண்ட், ஸ்லைடு, நெகட்டிவ் மூன்றையும் படித்து, வீட்டுப் பயனரையே நேரடியாகக் குறிவைத்தது.

1998-இல் வந்த நிக்கான் சூப்பர் கூல்ஸ்கேன் எல்எஸ்-2000, அகச்சிவப்பு ஒளியால் தூசியையும் கீறலையும் நீக்கும் டிஜிட்டல் ஐஸ் நுட்பத்தைப் புகழ்பெறச் செய்தது. 2001-இல் அதே வரிசையின் 4000 ஈடி 4000 டிபிஐ அளவையும், 2003-இல் மினோல்டாவின் டிமாஜ் ஸ்கேன் எலைட் 5400 தன் பெயரிலேயே உள்ள 5400 டிபிஐ அளவையும் எட்டின. மேசை ஸ்கேனர்கள் உச்சத்தைத் தொட்ட இதே ஆண்டுகளில்தான் டிஜிட்டல் கேமராக்கள் பிலிமைச் சந்தையிலிருந்து வெளியேற்றின. கோனிகா மினோல்டா 2006-இல் புகைப்படத் தொழிலையே கைவிட்டது. நிக்கானும் அடுத்த சில ஆண்டுகளில் கூல்ஸ்கேன் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது.

இயங்கும் முறை

ஸ்கேனருக்குள் ஒரு பக்கம் ஒளி மூலம், நடுவில் பிலிம், மறுபக்கம் லென்ஸ், அதன் பின்னால் வரிசையாக உணரிகள் அடுக்கிய சிசிடி பட்டை இருக்கும். சிசிடி ஒரு நேரத்தில் ஒரு மெல்லிய கோட்டை மட்டுமே படிக்கும். ஸ்டெப்பர் மோட்டார் பிலிமையோ ஒளியியல் பகுதியையோ இம்மியிம்மியாக நகர்த்த, கோடு கோடாகப் படம் முழுமை பெறும்.

நிற உணர்வை அடைய இரண்டு வழிகள் உண்டு. வெள்ளை ஒளியைப் பாய்ச்சி, சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் போர்த்திய மூன்று வரிசை உணரிகளால் படிப்பது ஒன்று. சிவப்பு, பச்சை, நீல எல்இடி விளக்குகளை மாறிமாறி எரியவிட்டு, நிறம் பிரிக்காத உணரியால் ஒவ்வொன்றையும் தனித்தனியே படிப்பது மற்றொன்று. கூல்ஸ்கேன் இரண்டாம் வகை. அதன் விளக்குக்குச் சூடேறும் நேரம் தேவையில்லை, நிறமும் நாளடைவில் அதிகம் மாறாது. ஆனால் ஒருமுகப்பட்ட அவ்வொளியில் கீறலும் பிலிமின் மணியுருவும் சற்றுத் துருத்திக்கொண்டு தெரியும். மினோல்டா 5400-இல் ஒளியைப் பரவச் செய்யும் தகடு ஒன்றை இதற்காகவே வைத்திருந்தார்கள்.

அளவீடுகள்

பிரிதிறன்: ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் படிக்கப்படுகின்றன என்பதை டிபிஐ குறிக்கும். 35 மி.மீ. பிலிமின் ஒரு படம் 36×24 மி.மீ. மட்டுமே என்பதால், தாளுக்குப் போதுமான 300 டிபிஐ இங்கே ஒன்றுக்கும் உதவாது. 2700 டிபிஐ அளவில் சுமார் 98 லட்சம் பிக்சல்கள் கிடைக்கும். 4000 டிபிஐ கோப்பை 300 டிபிஐ அச்சுத் தரத்தில் ஏறத்தாழ 18×12 அங்குலம் வரை பெரிதாக்கலாம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்புவதற்கில்லை. அது மாதிரி எடுக்கும் இடைவெளியைத்தான் சொல்கிறது. லென்ஸின் கூர்மை, குவியத்தின் துல்லியம், மோட்டாரின் சீரான ஓட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தே உண்மைப் பிரிதிறனைத் தீர்மானிக்கும். 7200 டிபிஐ என்று விற்கப்படும் மலிவான கருவிகள் சோதனைக் கோட்டுப் படத்தில் அதில் பாதியளவு விவரத்தைப் பிரித்துக் காட்டினாலே அதிகம். கோப்பு மட்டும் நான்கு மடங்கு வீங்கும்.

அடர்த்தி வீச்சு: பிலிமின் மிக வெளிறிய இடத்துக்கும் மிகக் கருத்த இடத்துக்கும் இடையே ஸ்கேனர் வேறுபடுத்தக்கூடிய எல்லை இது. மடக்கை அளவில் சொல்வது வழக்கம். அடர்த்தி 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியே ஊடுருவுகிறது. ஸ்லைடின் கருப்புப் பகுதிகள் 3-ஐயும் தாண்டும். நிற நெகட்டிவின் வீச்சு அதைவிடக் குறைவு. ஆகவே நெகட்டிவைச் சமாளிக்கும் ஸ்கேனர் ஸ்லைடின் நிழல்களில் திணறுவது இயல்பு. விளம்பரங்களில் காணும் 4.2, 4.8 போன்ற எண்கள் பெரும்பாலும் அளந்தவை அல்ல. முறையே 14, 16 பிட் மாற்றியிலிருந்து கணக்கிட்ட கோட்பாட்டு உச்சங்கள்.

நிற ஆழம்: ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட் என்றால் 256 படிநிலைகள், 16 பிட் என்றால் 65,536. ஸ்கேன் செய்தபின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும்போது 8 பிட் கோப்பில் வானம் படிப்படியாக உடைந்து தெரியலாம். அதனால் மூலக் கோப்பை 16 பிட்டில் வைப்பது நல்லது.

அகச்சிவப்புத் தூசி நீக்கம்

35 மி.மீ. படத்தை 4×6 அங்குலமாகப் பெரிதாக்கினாலே தூசியும் நான்கு மடங்கு நீளும். இதற்குத் தீர்வு கண்டது அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் இயங்கிய அப்ளைட் சயின்ஸ் ஃபிக்‌ஷன் நிறுவனம். 2003-இல் கோடாக் அதை வாங்கியது. நிற பிலிமின் சாயங்கள் அகச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் தடையின்றி விடும். தூசியும் கீறலும் விடுவதில்லை. எனவே சிவப்பு, பச்சை, நீலத்துக்குப் பிறகு நான்காவதாக அகச்சிவப்பில் ஒருமுறை படித்தால், குறைகளின் வரைபடம் மட்டும் தனியாகக் கிடைத்துவிடும். மென்பொருள் அந்த இடங்களைச் சுற்றுப்புறப் பிக்சல்களைக் கொண்டு நிரப்பும்.

இம்முறைக்கு இரண்டு விலக்குகள் உண்டு. வழக்கமான கருப்பு வெள்ளை பிலிமில் படமே வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பையும் மறைப்பதால், மென்பொருள் முகத்தையே அழுக்கென்று எண்ணித் துடைக்கப் பார்க்கும். நிற பிலிம் கரைசலில் கழுவப்படும் இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 போன்ற சாய அடிப்படையிலான கருப்பு வெள்ளை பிலிமுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1935-இல் அறிமுகமான கோடாக்ரோம் பிலிமின் சாயமும் அகச்சிவப்பைத் தடுக்கும். அதற்கெனத் திருத்திய ஐஸ் நுட்பத்தை நிக்கான் தன் 9000 ஈடி மாதிரியில் தந்தது.

வீட்டுக் கணினியில் செய்யும் முறை

முதல் வேலை துப்புரவு. பிலிமை ஓரத்தில் பிடித்து, பருத்திக் கையுறை அணிந்து, ரப்பர் ஊதுகுழலால் தூசியை அகற்ற வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்த பிலிமைத் தண்ணீரில் கழுவக் கூடாது. பூஞ்சை அரித்த ஜெலட்டின் நீரில் கரையும் தன்மை பெற்றுவிடுவதால், படமே கரைந்து போகலாம். இதற்கு நீர் கலவாத பிலிம் துடைப்பு நீர்மங்களே ஏற்றவை.

நான்கு அல்லது ஆறு படங்களாக வெட்டிய நெகட்டிவ் துண்டைத் தாங்கியில் சமமாகப் பொருத்த வேண்டும். நடுவில் வளைந்திருந்தால் மையம் கூர்மையாகவும் ஓரம் மங்கலாகவும் வரும். சில நாட்கள் கனமான புத்தகத்தின் அடியில் வைத்தால் வளைவு குறையும். கண்ணாடித் தாங்கி பிலிமைத் தட்டையாக வைக்கும். ஆனால் கண்ணாடியும் பிலிமும் தொடும் இடத்தில் நியூட்டன் வளையங்கள் எனும் வண்ணக் கோலங்கள் தோன்றலாம். பிலிம் ஓரத்தில் அச்சிட்ட எழுத்துகள் நேராகப் படிக்கக் கிடைக்கும் பக்கம் பளபளப்பான அடிப்புறம். மங்கலாகத் தெரியும் மறுபுறம் படம் பதிந்த எமல்ஷன். தாங்கியில் எது எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது கருவிக்குக் கருவி மாறும். தவறிவிட்டால் படம் இடவலம் மாறி வரும்.

அடுத்து முன்னோட்டம். சிறிய அளவில் ஒருமுறை படித்து, எல்லையைக் குறித்து, ஒளி அளவுகளின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமில் இரு முனைகளும் வெட்டுப்படாமல் அமைக்க வேண்டும். நிற நெகட்டிவின் ஆரஞ்சுப் பூச்சு பழுது அல்ல. சாயங்களின் குறையை ஈடுசெய்யத் தயாரிப்பின்போதே சேர்க்கப்பட்டது. பிலிம் வகையைச் சரியாகத் தெரிவு செய்தால் மென்பொருள் அதைக் கழித்துவிட்டு நிறங்களைத் தலைகீழாக்கும். நிழல்களில் இரைச்சல் மிகுந்தால் ஒரே கோட்டைப் பலமுறை படித்துச் சராசரி எடுக்கும் வசதி கைகொடுக்கும். நான்கு முறை படித்தால் இரைச்சல் பாதியாகும், நேரம் நீளும். தூசி நீக்கத்தோடு ஒரு படத்துக்கு மூன்று நிமிடம் என்று கொண்டால், 36 படங்கள் உள்ள ஒரு சுருளுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வேண்டும்.

மென்பொருளும் இணைப்பும்

தொடக்ககாலக் கருவிகள் ஸ்கசி அட்டை வழியாகவும், பின்னர் ஃபயர்வயர், யுஎஸ்பி வழியாகவும் கணினியோடு இணைந்தன. கருவி பழுதில்லாமல் இருந்தும், அதன் இயக்கி மென்பொருள் புதிய இயங்குதளத்தில் ஓடாததால் மூலையில் ஒதுங்கியவை பல. நிறுவனங்கள் கைவிட்ட ஸ்கேனர்களுக்கு மறுவாழ்வு தந்தவை இரண்டு தனி மென்பொருள்கள். ஒன்று எட் ஹாம்ரிக் 1998-இல் வெளியிட்ட வியூஸ்கேன். மற்றொன்று ஜெர்மனியின் கீல் நகரிலுள்ள லேசர்சாஃப்ட் இமேஜிங் நிறுவனத்தின் சில்வர்ஃபாஸ்ட். பின்னதோடு வரும் நிற அளவீட்டு ஸ்லைடைக் கொண்டு, ஸ்கேனரின் நிறப்பிழையைத் திருத்தும் சுயவிவரக் கோப்பை உருவாக்கலாம்.

கோப்பும் பாதுகாப்பும்

4000 டிபிஐ, 16 பிட்டில் ஒரு படம் டிஃப் கோப்பாக ஏறத்தாழ 128 எம்பி இடம் பிடிக்கும். 8 பிட்டில் அதில் பாதி. 1.44 எம்பி பிளாப்பிகள் புழங்கிய காலத்தில் 2700 டிபிஐ படம் ஒன்றே 29 எம்பி என்பதால், குறைந்த பிரிதிறனில் ஸ்கேன் செய்து நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. இன்று வட்டு மலிவு, உழைப்பு நேரம்தான் அரிது. ஆதலால் ஒரே முறை, கருவியால் முடிந்த உண்மைப் பிரிதிறனில், கூர்மையாக்கமும் நிற மாற்றமும் இல்லாமல் மூலக் கோப்பாகச் சேமித்து, அதன் நகலில் திருத்தம் செய்து ஜேபெக் எடுப்பதே ஆவணக் காப்பாளர்களின் வழக்கம். சுருள் எண், பட எண், ஆண்டு ஆகியவற்றைக் கோப்புப் பெயரில் சேர்ப்பதும், படத்தில் இருப்பவர்களின் பெயர்களை அறிந்தவர்கள் இருக்கும்போதே கோப்பின் விவரப் பகுதியில் எழுதிவைப்பதும் தேடுவதற்கு உதவும். நகல்களை வெவ்வேறு வட்டுகளில், ஒன்றையாவது வேறிடத்தில் வைக்க வேண்டும். நெகட்டிவையும் வீசிவிடாமல் குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் பாதுகாக்க வேண்டும்.

மாற்று வழிகள்

எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி700, வி850 போன்ற, மூடியில் விளக்குள்ள ஃபிளாட்பெட் ஸ்கேனர்கள் ஒரே நேரத்தில் பல துண்டுகளைப் படிக்கும். பெரிய அளவு பிலிமுக்கு நன்று, 35 மி.மீ. பிலிமில் கூர்மை குறைவு. பிளஸ்டெக் நிறுவனத்தின் ஆப்டிக்ஃபிலிம் வரிசை தனி பிலிம் ஸ்கேனர் வகையைத் தொடர்ந்து உயிரோடு வைத்திருக்கிறது. டிஜிட்டல் கேமராவில் மேக்ரோ லென்ஸ் மாட்டி, ஒளிப்பலகை மேல் வைத்த நெகட்டிவைப் படமெடுக்கும் முறையும் பரவியுள்ளது. நிக்கான் இதற்காக இஎஸ்-2 என்ற துணைக்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இம்முறையில் ஒரு சுருளைச் சில நிமிடங்களில் முடிக்கலாம், ஆனால் அகச்சிவப்புத் துப்புரவு கிடையாது. சில நூறு படங்களுக்குக் கீழே என்றால், லேபில் கொடுத்து ஸ்கேன் செய்வது கருவி வாங்குவதைவிடச் சிக்கனமாக அமையலாம். ஆயிரக்கணக்கில் நெகட்டிவ் வைத்திருப்போர், பழைய கூல்ஸ்கேனை வாங்கிப் பயன்படுத்தி, வேலை முடிந்ததும் விற்றுவிடுவதும் வழக்கத்தில் உண்டு.