அரியலூர்ச் சிமெண்டும் அரைவைத் துணைப்பொருள்களும்: வலிமை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

பெரம்பலூர், அரியலூர் வட்டாரச் சிமெண்ட் வரலாறு பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. கிரெடேசியக் காலக் கடற்படிவுகள் குறித்து எச். எஃப். பிளான்போர்டு 1860களில் வெளியிட்ட நிலவியல் ஆய்வு, அண்டைய டால்மியாபுரத்தில் 1939இல் எழுந்த ஆலை, 1979இல் தொடங்கிய அரசின் அரியலூர் ஆலை என்பன அதன் வழக்கமான மைல்கற்கள். கல்லை வெட்டுவதும் சுடுவதும் பேசப்படும் அளவுக்குக் கிளிங்கரை அரைப்பது பேசப்படுவதில்லை. சிமெண்டின் வலிமையோ அரைவையிலும் உருவாகிறது.

கிளிங்கர் நொறுங்கும்போது முறிந்த பரப்புகளில் மின்னூட்டம் தங்குகிறது. நுண்துகள்கள் மீண்டும் ஒன்றையொன்று பற்றி, ஆலையின் எஃகு உருண்டைகள்மேல் படிகின்றன. ட்ரைஎத்தனாலமைன், கிளைக்கால் போன்ற சேர்மங்கள் அப்பரப்புகளில் ஒட்டி இதைத் தடுக்கின்றன. டன்னுக்குச் சில நூறு கிராமே போதும். 1930களில் அமெரிக்காவில் வணிகப் பயன்பாட்டுக்கு வந்த இம்முறையின் முதன்மை நோக்கம் அரைவைத் திறனைக் கூட்டுவதே. நுண்மை கூடுவதால் தொடக்க வலிமை உயர்வது உடன்வந்த பயன்.

இதோடு நின்றிருந்தால் இது பொறியாளர்க்குரிய செய்தி மட்டுமே. இச்சேர்மங்கள் அரைத்தபின்னும் சிமெண்டிலேயே தங்கி, நீரேற்ற வினையிலும் பங்கேற்கின்றன. ட்ரைஎத்தனாலமைன் அலுமினேட்டின் வினையை விரைவுபடுத்தும். அளவு மிகுந்தால் சிலிக்கேட்டின் வினையைத் தாமதப்படுத்தும். அதாவது, நுண்மை தந்த வலிமையை வேதிவினை குறைக்கவும் கூடும். மாறாக, ட்ரைஐசோபுரோப்பனாலமைன் இரும்பு செறிந்த ஃபெரைட் கட்டத்தைக் கரையத் தூண்டி 28 நாள் வலிமையை உயர்த்துவதைக் கார்ட்னர், மையர்ஸ் ஆகியோர் 1993இல் விளக்கினர்.

இந்தியாவில் சிமெண்ட் மீதான விலை, பகிர்மானக் கட்டுப்பாடு 1982இல் பகுதியளவும் 1989இல் முழுமையாகவும் விலக்கப்பட்டது. கட்டுப்பாட்டுக் காலத்தில் மூட்டை கிடைப்பதே பெரிது. தரத்தை ஒப்பிட்டு வாங்க இடமில்லை. இடையில், 1987இல், 53 தரத்துக்கான இந்தியத் தரநிலை வந்தது. 28 நாளில் குறைந்தது 53 மெகாபாஸ்கல் என்ற ஆய்வகக் கணக்கு நாளடைவில் மூட்டையின் விற்பனைப் பெயராயிற்று. தீங்கற்றவை என மெய்ப்பிக்கப்பட்ட துணைப்பொருள்களை 1 விழுக்காட்டுக்கு மிகாமல் சேர்க்கவும் தரநிலைகள் இடமளித்தன.

எனவே, மூட்டையின்மீதுள்ள எண்ணை அரியலூர்க் கல்லின் உயர்வுக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. கல், சூளை, அரைவை, வேதிப்பொருள் ஆகிய நான்கும் அவ்வெண்ணில் கலந்துள்ளன. ஒரே கிளிங்கரை ஒரே நுண்மைக்கு, துணைப்பொருள் சேர்த்தும் சேர்க்காமலும் அரைத்துச் சோதித்த பதிவுகள் இருந்தால் மட்டுமே வேதிப்பொருளின் பங்கு தனித்துத் தெரியும். வட்டார ஆலைகளின் வரலாற்றை எழுதுவோர் உற்பத்திக் கணக்குகளோடு ஆய்வகப் பதிவேடுகளையும் தேட வேண்டியிருப்பது இதனாலேயே.