ஆயரை மிஞ்சிய வணிகர்கள்

வட ஜெர்மனியில், பால்டிக் கடலுக்கு அருகே இருக்கிறது லூபெக். வெட்டியெடுக்க அக்கம்பக்கத்தில் கல்மலை கிடையாது. பனியுகம் விட்டுப்போன களிமண்தான் ஏராளம். அதைச் சுட்டு அடுக்கியே புனித மரியாள் ஆலயத்தை எழுப்பினார்கள் அவ்வூர் வணிகர்கள். கூம்போடு சேர்த்தால் அதன் இரட்டைக் கோபுரங்களின் உயரம் சுமார் 125 மீட்டர்!

இத்தனைக்கும் அது வெறும் பங்குக் கோயில். ஆயரின் பேராலயம் ஊரின் தென்கோடியில் தனியாக நின்றது. 1226-ல் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் லூபெக்குக்குத் தன்னாட்சி உரிமை வழங்க, ஊர் நிர்வாகம் வணிகர்கள் நிறைந்த நகர மன்றத்தின் கைக்கு வந்தது. மன்றத்துக்கும் சந்தைக்கும் பக்கத்திலேயே, ஆயரின் கோயிலை விஞ்சும் ஒரு கோயில் வேண்டும் என்று நினைத்தார்கள்.

முதலில் மூன்று கூடங்களையும் ஒரே உயரத்தில் கட்டத் தொடங்கினார்கள். பாதியில் மனம் மாறியது. பிரான்சின் பேராலயங்களைப் போல நடுக்கூடத்தை மட்டும் உயர்த்திக்கொண்டு போனார்கள்.

சிக்கல் அங்கேதான். பிரெஞ்சுச் சிற்பிக்குக் கிடைத்தது உளிக்கு இணங்கும் சுண்ணக்கல். சுட்ட செங்கல்லில் அந்த வேலை நடக்காது. ஆகவே, செதுக்க வேண்டியதைச் சூளைக்கு முன்பே முடித்தார்கள். தூணின் உருண்ட விளிம்புக்கு ஓர் அச்சு, ஜன்னல் சட்டத்துக்கு இன்னொன்று, கூரை வளைவின் விலா எலும்புக்கு வேறொன்று. பச்சைக் களிமண்ணை அதற்குரிய வடிவில் வார்த்து, உலர்த்தி, சுட்டு, சுண்ணாம்புச் சாந்தில் பதித்தார்கள். சிலைக் கூட்டம் இல்லாத வெளிச்சுவர்களுக்கு ஜன்னல் வரிசைகளே அழகு.

நடுக்கூடத்தின் வளைகூரை 38.5 மீட்டர் உயரம். செங்கல் வளைகூரைகளில் உலகிலேயே இதுதான் உயரமானது. அது சுவர்களை வெளியே தள்ளாதபடி, பக்கக் கூடங்களின் கூரைக்கு மேலே தாவி நின்று முட்டுக்கொடுக்கும் வளைவுகளும் செங்கல்தான். 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் பெரும்பகுதி வேலை முடிந்தது. ஸ்ட்ரால்சுண்டின் நிக்கோலாய் ஆலயம் உட்பட, பால்டிக் கரையெங்கும் சுமார் 70 ஆலயங்கள் இதைப் பார்த்துக் கட்டப்பட்டவை.

1942 மார்ச் 28 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசின. வளைகூரைக்கு மேலே இருந்த மரக் கூரையும் கூம்புகளும் பற்றி எரிந்தன. தெற்குக் கோபுரத்திலிருந்து விழுந்து நொறுங்கிய மணிகள் இன்றும் விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன.

தீயின் சூட்டில் வெள்ளைப்பூச்சு உதிர, உள்ளேயிருந்து இடைக்கால ஓவியங்கள் தலைகாட்டின. சீரமைக்க வந்தவர்களில் ஒருவர் லோதர் மால்ஸ்காட். பலிபீடப் பகுதியில் மிச்சம் அதிகமில்லாத இடங்களில் தன் கைவரிசையிலேயே புனிதர்களை வரைந்துவிட்டார்! 1951-ல் ஆலயத்தின் 700-வது ஆண்டு விழாவுக்குத் தபால்தலை வேறு வெளியானது. மறு ஆண்டே மால்ஸ்காட் தானாகவே உண்மையைப் போட்டுடைக்க, அவர் வரைந்த புனிதர்கள் அந்தச் சுவர்களிலிருந்து அகற்றப்பட்டார்கள்.

மறுகட்டுமானத்தில் கூரைக்கும் கூம்புகளுக்கும் மரத்தைத் தொடவில்லை. எடை குறைந்த கான்கிரீட்டில் அமைத்து, மேலே செப்புத் தகடு போர்த்தினார்கள்.

(தொடரும்)