ஒரு பந்தும் பழைய துறைமுகப் பாலமும்: கேமரா தலையின் கதை

எங்க ஊர் பீச் ரோட்டில் காந்தி சிலைக்குத் தெற்கே கடலுக்குள் நீளமாக ஒரு பழைய துறைமுகப் பாலம் இருந்தது. புதுச்சேரிக்கு வந்தவர்கள் ஒருமுறையாவது அதைப் படம் எடுத்திருப்பார்கள். நானும் எடுத்தேன், 2022 பிப்ரவரியில். அப்போது நான் பத்தாவது. கல்யாண போட்டோ எடுக்கிற மாமாவிடம் கெஞ்சி, அவருடைய பெரிய கேமராவையும் 70-200 லென்ஸையும் ஒரு நாள் காலைக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போனேன். மொத்தம் இரண்டரைக் கிலோ. டிரைபாட் மட்டும் என்னுடையது. பிறந்தநாள் காசில் வாங்கியது. அதன் உச்சியில் கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிய பந்து வைத்த ஒரு 'பால் ஹெட்'.

சூரியன் வருவதற்கு முன்னால் போய் நின்றேன். பாலத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, திருகை இறுக்கி, கையை எடுத்தேன். லென்ஸ் மெதுவாகத் தலை குனிந்தது. தூக்கி மறுபடி இறுக்கினேன், மறுபடி குனிந்தது. கடைசியில் ஒரு கையால் லென்ஸைத் தாங்கிக்கொண்டே இரண்டு விநாடி எக்ஸ்போஷர் கொடுத்தேன். எட்டுப் படம் எடுத்தேன், எட்டும் கலங்கல். "பரவாயில்லை, பாலம் எங்க போகப் போகுது, அடுத்த வாரம் வரலாம்" என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2022 மார்ச்சில் கடல் கொந்தளிப்பில் அந்தப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. என்னிடம் இருப்பது எட்டு கலங்கல் படங்கள் மட்டும்தான் :(

அதற்குப் பிறகுதான் இந்தத் 'தலை' என்ற சமாச்சாரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். டிரைபாட் என்றால் எல்லோரும் கால்களைப் பார்க்கிறோம். காலுக்கும் கேமராவுக்கும் நடுவே இருக்கும் கழுத்தை யாரும் பார்ப்பதில்லை. அந்தக் கழுத்துக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது, அதில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

மாட்டு வண்டிக் காலம்

புகைப்படம் பிறந்தது பிரான்ஸில். 1839 ஆகஸ்ட் 19 அன்று டாகேரின் முறையைப் பாரிஸில் பகிரங்கமாக விளக்கினார்கள். அதற்கு இருபது வருஷம் கூட ஆகாத நிலையில், நம்ம தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு முன்னால் ஒரு பெரிய கேமரா வந்து நின்றது. கொண்டு வந்தவர் லின்னேயஸ் டிரைப், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் கேப்டன். 1856-ல் அவரைச் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமித்தார்கள். 1857 டிசம்பரிலிருந்து 1858 ஏப்ரல் வரை சேலம், ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார்.

அவருடைய நெகடிவ் என்பது மெழுகு பூசிய காகிதம். அளவு ஏறக்குறைய 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். அந்தக் காலத்தில் நெகடிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடுவது வழக்கமில்லை. பிரிண்ட் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ நெகடிவும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், கேமராவும் அதற்கு ஏற்ற பெட்டியாக இருக்க வேண்டும். காகித நெகடிவுக்கு வெளிச்சமும் நிறைய நேரம் வேண்டும். விநாடிக் கணக்கு போதாது, நிமிஷக் கணக்கு. அவ்வளவு நேரமும் பெட்டி ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும்.

டிரைப் செய்த வேலைகளில் என்னை அசத்தியது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுப் படம்தான். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 துண்டுகளாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கேமராவை நகர்த்த வேண்டும். சுவரிலிருந்து அதே தூரம், அதே உயரம், அதே மட்டம். ஒரு இடத்தில் அரை டிகிரி சாய்ந்தாலும் அடுத்த துண்டு பொருந்தாது. இன்று நாம் போனைச் சுழற்றி 'பனோரமா' எடுக்கிறோமே, அதை அவர் 1858-ல் மரக் கால்களை வைத்துக்கொண்டு செய்திருக்கிறார். பிறகு செலவு கட்டுப்படியாகவில்லை என்று கவர்னர் டிரெவெல்யன் காலத்தில் அந்தத் துறையையே மூடிவிட்டார்கள்.

அந்தக் காலத்துப் பெட்டிக் கேமராவுக்குப் பந்து தேவைப்படவில்லை. அகலமான மரப் பலகை, அதன் நடுவே ஒரு திருகு, அவ்வளவுதான். கேமராவைச் சாய்ப்பது அபூர்வம். முன்பலகையைத் தூக்கியோ இறக்கியோ கோபுரத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவருவார்கள். அந்தக் காலத்தின் மிச்சம் ஒன்று இன்றும் நம் கேமரா அடியில் இருக்கிறது. 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் திருகு மரைகளுக்கு ஒரு பொது அளவு முன்வைத்தார். அந்த வழியில் வந்தவைதான் கால் அங்குலத் திருகும், எட்டில் மூன்று பங்கு அங்குலத் திருகும். உலகமே மெட்ரிக்குக்கு மாறிய பிறகும் இந்த இரண்டும் மாறவில்லை. சின்னது கேமரா அடியில், பெரியது டிரைபாட் உச்சியில்.

பந்து வந்த கதை

1925-ல் லைப்சிக் சந்தையில் லைக்கா கேமரா வந்தது. சினிமா பிலிமை வைத்துப் படம் எடுக்கும், கோட்டுப் பையில் போட்டுக்கொள்ளலாம். இவ்வளவு சின்னக் கேமராவுக்குப் பெரிய மரப் பலகை எதற்கு? ஒரு குழிக்குள் ஒரு பந்து, ஒரே ஒரு திருகு. தளர்த்தினால் எந்தப் பக்கமும் திரும்பும், இறுக்கினால் நிற்கும். மூன்று கைப்பிடிகளை மாற்றி மாற்றித் திருகும் வேலை மிச்சம். சின்ன கேமராவோடு சேர்ந்துதான் பால் ஹெட் பரவியது.

சிக்கல் பிறகு வந்தது. கேமரா சின்னதாகவே இருந்தது, லென்ஸ் வளர்ந்துகொண்டே போனது. விளையாட்டு, பறவை, செய்தி என்று 300, 400 மில்லிமீட்டர் லென்ஸ்கள் வந்தன. சின்னக் கேமராவுக்கு யோசித்த பந்து இப்போது கிலோக் கணக்கில் சுமக்க வேண்டியதாயிற்று. இங்கேதான் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. 1917-ல் ஆர்சேன் கிட்ஸோவன் பிரான்ஸில் தொடங்கிய கிட்ஸோ, 1950களில் டிரைபாட் பக்கம் திரும்பியது, 1994-ல் கார்பன் பைபர் கால்களைக் கொண்டுவந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் விட முடியுமா ;) (இப்போது அது இத்தாலியில் தயாராகிறது.) சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஆர்க்கா-ஸ்விஸ் 'மோனோபால்' என்ற பெரிய பந்துத் தலையைக் கொண்டுவந்தது. அதில் ஒரு தந்திரம்: பந்து முழு உருண்டையாக இருக்காது, லேசாக நீள்வட்டம். கேமரா சாயச் சாய பந்து குழிக்குள் இறுகும், தடால் என்று தலை கவிழாது. பக்கங்கள் சரிவாக வெட்டிய அவர்களுடைய தகடுதான் பிறகு பல கம்பெனிகளும் பின்பற்றும் வழக்கமானது.

நம்ம ஊர்ப் பங்கு

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. அடுத்த வருஷமே, 1955 மார்ச்சில், செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா. அங்கே இருக்கும் சைவ ஓலைச்சுவடிகளுக்கு 2005-ல் யுனெஸ்கோவின் 'உலக நினைவகம்' பட்டியலில் இடம் கிடைத்தது. இது பலருக்குத் தெரியும். அதே கட்டடத்தில் தென்னிந்தியக் கோயில்களின் ஒரு லட்சத்துக்கும் அதிகமான புகைப்படங்கள் இருப்பது அவ்வளவாகத் தெரியாது. 1950களின் நடுவிலிருந்து ஊர் ஊராகப் போய், சின்னக் கிராமத்துக் கோயிலைக்கூட விடாமல் எடுத்த படங்கள்.

இந்தப் படங்களால் என்ன பயன்? அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜர் சிலை திருடு போனது. கடத்தல் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் அதை 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அது ஸ்ரீபுரந்தான் நடராஜர்தான் என்று காட்ட உதவியது, 1994-ல் எடுத்து புதுச்சேரியில் பத்திரமாக இருந்த புகைப்படம். விருத்தாசலம் கோயிலிலிருந்து போய் சிட்னி கலைக்கூடத்தில் நின்ற அர்த்தநாரீஸ்வரர் கல் சிலைக்கும் இதே நிறுவனத்தின் படங்கள் சாட்சியாயின. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்தபோது இரண்டும் இந்தியாவுக்குத் திரும்பின.

இந்த மாதிரி வழக்கில் "எங்க ஊர் சாமி மாதிரி இருக்கு" என்று சொன்னால் செல்லாது. எந்த விரல் உடைந்திருக்கிறது, பீடத்தில் எங்கே தேய்ந்திருக்கிறது, திருவாசியில் எந்தச் சுடர் வளைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்ட வேண்டும். கோயிலுக்குள்ளோ இருட்டு. சிலை முழுக்கத் தெளிவாக விழ துவாரத்தைச் சிறிதாக்க வேண்டும், பிளாஷ் இல்லையென்றால் விநாடிக் கணக்கில் திறந்து வைக்க வேண்டும். அந்த விநாடிகளில் கேமரா ஒரு மயிரிழை குனிந்திருந்தால் அந்த விரல் கலங்கியிருக்கும். கலங்கிய படம் சாட்சி சொல்லாது. என் எட்டுப் படங்களைப் போல!

சரி, எதை வாங்குவது?

மாமாவிடமும் தெரிந்தவர்களிடமும் கேட்டு, கொஞ்சம் பிளஸ் டூ இயற்பியலும் போட்டுப் பார்த்ததில் எனக்குப் புரிந்தவை:

1. பந்தின் விட்டம். கதவைக் கீல் பக்கத்தில் பிடித்து நிறுத்துவது கஷ்டம், கைப்பிடி பக்கத்தில் நிறுத்துவது சுலபம். பந்தும் அப்படித்தான். உராய்வு மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி வேலை செய்கிறதோ அவ்வளவு பிடிமானம். அதே இறுக்கத்தில் 30 மி.மீ. பந்தை விட 54 மி.மீ. பந்து ஏறக்குறைய 1.8 மடங்கு தாங்கும். கனமான லென்ஸ் என்றால் 50 மி.மீ. பக்கம் போவது நல்லது.

2. பெட்டியில் போட்டிருக்கும் எடையை நம்பாதீர்கள். 'தாங்கும் எடை 15 கிலோ' என்று இருக்கும். எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி அளப்பதில்லை. நேர் மேலே வைத்தால் எதுவும் தாங்கும். சாய்க்கும்போதுதான் சோதனை. இரண்டரைக் கிலோவின் எடைமையம் பந்திலிருந்து 10 செ.மீ. பக்கவாட்டில் தள்ளிப் போனால் 25 கிலோ-செ.மீ. திருப்புவிசை. என் கோலிக்குண்டு தோற்றது இதில்தான். உங்கள் கேமராவின் எடையைப் போல நாலைந்து மடங்கு போட்டிருந்தால் யோசிக்கலாம்.

3. மூன்று திருகு தனித்தனியாக. பெரிய பூட்டு ஒன்று, பந்தின் உராய்வைக் கூட்டிக் குறைக்க ஒன்று, அடித்தட்டைச் சுழற்ற ஒன்று. உராய்வுத் திருகு இருந்தால் பூட்டைத் தளர்த்தியதும் லென்ஸ் கவிழ்ந்து விரலை நசுக்காது.

4. லென்ஸில் காலர் இருந்தால் அதைத்தான் தலையில் மாட்ட வேண்டும். எடைமையம் பந்துக்கு நேர் மேலே வரும், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

5. கடையிலேயே சோதனை. உங்கள் கனமான லென்ஸைக் கொண்டு போங்கள். மாட்டி, தூரத்தில் ஒரு புள்ளியைத் திரையில் பெரிதாக்கி நடுவில் வையுங்கள். பூட்டிவிட்டுக் கையை எடுங்கள். புள்ளி கீழே நழுவினால் அந்தத் தலை வேண்டாம். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

6. நம்ம ஊருக்கு மட்டும்: கடல் காற்றும் மணலும். பீச்சிலிருந்து வந்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காய வைக்க வேண்டும். பந்துக்கு எண்ணெய் மட்டும் போடாதீர்கள். அது உராய்வால் நிற்கிற பொருள், எண்ணெய் போட்டால் வழுக்கும்.

400 மி.மீ.க்கு மேல் போய் ஊசுட்டேரியில் பறவைகளைத் துரத்தப் போகிறவர்களுக்குப் பந்தே வேண்டாம். ஊஞ்சல் மாதிரி லென்ஸைத் தொங்கவிடும் கிம்பல் தலைதான் சரி. கட்டடம், சிலை, கல்வெட்டு எடுப்பவர்களுக்கு நல்ல பந்து போதும்.

கடைசியாக

2014 நவம்பர் 29 அன்று பெருமழையில் பீச் ரோட்டில் இருந்த பிரெஞ்சுக் காலத்து மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டிவிட்டார்கள். பாலத்துக்கு அந்தக் கொடுப்பினை இன்னும் வரவில்லை. ஒயிட் டவுனில் எத்தனையோ பழைய வீடுகள், தமிழர் பகுதியில் எத்தனையோ திண்ணைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. அடுத்த வாரம் எடுக்கலாம் என்று தள்ளிப்போட எதுவும் உத்தரவாதம் தரவில்லை.

இரண்டு வருஷம் காசு சேர்த்து, போன மாதம் செகண்ட் ஹாண்டில் ஒரு பெரிய பந்துத் தலை வாங்கினேன். முதல் படம் என்ன எடுத்தேன் தெரியுமா? எங்க தாத்தா வீட்டுத் திண்ணை, தூண், அதில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் தாத்தா. நாலு விநாடி எக்ஸ்போஷர். பூட்டிவிட்டுக் கையை எடுத்தேன். லென்ஸ் அசையவில்லை. தாத்தாதான் அசைந்துவிட்டார் :) "இன்னும் ஒண்ணு எடுடா" என்றார். அந்த இன்னும் ஒன்று தெளிவாக வந்திருக்கிறது.