கேஸ் டானிக், ஹேர் சீரம், கண் ஆபரேஷன்... மூன்றிலும் ஒரே சிலிக்கோன் எண்ணெய்! எங்கே நல்லது, எங்கே ஆபத்து?

மேட்டுப்பாளையத்தில் எந்த மெடிக்கலுக்குப் போய் ‘கேஸ் டானிக்’ என்று கேட்டாலும் ரோஸ் கலர் பாட்டில் ஒன்றை எடுத்துத் தருவார்கள். அதே கடையில் ஹேர் சீரமும் கிடைக்கும். கோவையில் விழித்திரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சிலரிடம் ‘கண்ணுக்குள் ஆயில் வைத்திருக்கிறோம்’ என்று டாக்டர் சொல்லியிருப்பார். இந்த மூன்றிலும் இருப்பது ஒரே குடும்பத்துச் சரக்குதான். பெயர் சிலிக்கோன் திரவம்.

சிலிக்கான் வேறு, சிலிக்கோன் வேறு

மணலிலும் கம்ப்யூட்டர் சிப்பிலும் இருப்பது சிலிக்கான் என்ற தனிமம். அந்த சிலிக்கானையும் ஆக்சிஜனையும் மாற்றி மாற்றிக் கோத்த நீளமான சங்கிலிதான் சிலிக்கோன். இதில் மருந்திலும் அழகுப் பொருளிலும் அதிகம் புழங்குவது டைமெத்திகோன். சங்கிலி நீளமானால் எண்ணெய் கெட்டியாகும், சின்னதானால் தண்ணீர் போல ஓடும். தண்ணீரின் பாகுத்தன்மை 1 என்று வைத்துக்கொண்டால், டைமெத்திகோனை ஒன்றுக்கும் கீழே தொடங்கி பல லட்சம் வரை தயாரிக்க முடியும். 1,000 என்பது கிட்டத்தட்ட விளக்கெண்ணெய் பதம்.

நிறம், வாசனை எதுவும் கிடையாது. சூடு குளிருக்குப் பெரிதாக மாறாது. முக்கியமாக, உடம்போடு வேதிவினை எதுவும் செய்யாது. அது செய்கிற வேலை எல்லாமே வழுக்குவது, மூடுவது, குமிழியை உடைப்பது மாதிரியான வேலைதான்.

வயிற்றில் என்ன செய்கிறது?

டைமெத்திகோனோடு கொஞ்சம் நுண்ணிய சிலிக்கா தூளைச் சேர்த்தால் சைமெத்திகோன். ஜெலுசில் எம்பிஎஸ் என்ற பெயரில் வரும் ‘எம்பிஎஸ்’ கூட மெத்தில் பாலிசிலாக்ஸேன் என்பதன் சுருக்கம்தான். இத்தனை வருஷமாகக் குடித்தும் பலர் கவனித்திருக்க மாட்டார்கள்!

வயிற்றில் நுரை போல நிற்கும் சின்னச் சின்னக் குமிழிகளின் மேற்பரப்பு இழுவிசையை இது குறைக்கும். குமிழிகள் உடைந்து ஒன்று சேர்ந்து, ஏப்பமாகவோ கீழ்வழியாகவோ வெளியேறும். மருந்து ரத்தத்தில் கலக்காது, அப்படியே மலத்தோடு போய்விடும். எண்டோஸ்கோபிக்கு முன்பு இதைக் குடிக்கக் கொடுப்பதும் நுரை விலகி கேமராவுக்கு வழி தெரியத்தான்.

ஆனால், அமிலத்தை இது குறைக்காது. அந்த வேலையைச் செய்வது அதே பாட்டிலில் உள்ள அலுமினியம், மெக்னீசியம் உப்புகள். அழும் கைக்குழந்தைக்குக் கொடுக்கும் சொட்டு மருந்திலும் சைமெத்திகோன் உண்டு, ஆய்வுகளில் அதற்குப் பெரிய பலன் தெரியவில்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்த டானிக்கை 4 மணி நேரம் தள்ளித்தான் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மாத்திரை சரியாகச் சேராது. இன்னொன்று: நெஞ்சுவலியோடு வியர்வையும் இடது கை வலியும் இருந்தால் அது ‘கேஸ்’ என்று முடிவு கட்டி டானிக் குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தலைமுடியில்?

சீரம் பாட்டிலின் பின்பக்கம் ‘கோன்’, ‘சிலாக்ஸேன்’ என்று முடியும் பெயர்களைத் தேடுங்கள். சைக்ளோபென்டாசிலாக்ஸேன் தடவியதும் ஆவியாகிவிடும், டைமெத்திகோன் முடி மேல் மெல்லிய படலமாகத் தங்கும். அதனால்தான் சிக்கல் குறைந்து பளபளப்பு வருகிறது. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கும், சிலிக்கோன் வெளியிலேயே நிற்கும். சீரம் போட்டால் முடி வளரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆவியாகும் வகையில்தான் இப்போது பிரச்சினை. அவை சுற்றுச்சூழலில் எளிதில் சிதையாது என்பதால், டி4, டி5 எனப்படும் இரண்டையும் கழுவிவிடும் பொருட்களில் 0.1 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி 31 முதல் கட்டுப்படுத்தியது.

கண்ணுக்குள் எண்ணெய், மலைக்கு மேலே பயணம்

விழித்திரை பிய்ந்துவிட்டால், டாக்டர்கள் அதை ஒட்டவைத்து, அது மறுபடி கழன்றுவிடாமல் உள்ளிருந்து அழுத்திப் பிடிக்க ஏதாவது ஒன்றை நிரப்புவார்கள். ஒன்று, தானாகக் கரையும் கேஸ். இல்லையென்றால், சிலிக்கோன் எண்ணெய். பாகுத்தன்மை 1,000 அல்லது 5,000 கொண்ட சுத்திகரித்த எண்ணெய் இதற்குப் பயன்படுகிறது. அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்து 1992-ல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப், ‘ஆரோசில்’ என்ற பெயரில் இதைத் தயாரிக்கிறது.

மேட்டுப்பாளையம்காரர்களும் நீலகிரிக்காரர்களும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், கண்ணுக்குள் இருக்கும் கேஸ் விரியும். கணக்குப் போட்டால், ஊட்டி போய்ச் சேர்வதற்குள் அந்தக் குமிழி கால் பங்குக்கு மேல் பெரிதாகப் பார்க்கும். கண்ணுக்குள் அதற்கு இடமில்லை. அழுத்தம் ஏறி, விழித்திரைக்குப் போகும் ரத்த ஓட்டம் நின்று, பார்வையே போகலாம். குன்னூர், கோத்தகிரிக்கும் இதே கதைதான். கேஸின் வகையைப் பொறுத்து, அது கரைய இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும். அதுவரை மலைப்பயணமும் விமானமும் கூடாது.

எண்ணெய்க்கு இந்தத் தொல்லை இல்லை, அது விரியாது. ஆகவே வீடு மலையில் இருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். எதை நிரப்புவது என்று முடிவு செய்யும்போது அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் எண்ணெயை அப்படியே விட்டுவிட முடியாது. நாள்பட்டால் அது சின்னச் சின்னத் துளிகளாக உடையும், கண் அழுத்தமும் புரையும் வரலாம். பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்துக்குள் இன்னொரு ஆபரேஷனில் எடுத்துவிடுவார்கள். ‘பார்வைதான் வந்துருச்சே’ என்று அந்த இரண்டாவது தேதிக்குப் போகாமல் இருப்பதுதான் சிக்கல்.

ஊசி மூலம் ஏற்றினால்?

உதடு, மார்பு, இடுப்பு பெரிதாகத் தெரிய திரவ சிலிக்கோனை ஊசியில் ஏற்றுவது முற்றிலும் வேறு விஷயம். ஏற்றிய இடத்தில் அது நிற்காது, நகரும். ரத்தக் குழாயில் புகுந்தால் நுரையீரலையும் மூளையையும் அடைத்து உயிரைப் பறிக்கும். வருஷக்கணக்கில் கழித்து கட்டி கட்டியாக வீங்கவும் செய்யும். மொத்தத்தையும் வெளியே எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். உடல் வடிவை மாற்ற இந்த ஊசிக்கு அனுமதியே தரவில்லை என்று அமெரிக்காவின் எஃப்டிஏ 2017-ல் எச்சரித்தது. உடம்புக்குள் ஊசி மூலம் செலுத்த அந்த அமைப்பு அனுமதித்துள்ள திரவ சிலிக்கோன், கண்ணுக்குள் வைக்கும் அந்த எண்ணெய் மட்டும்தான்.