காரணிப்படுத்தலும் தாமஸ் ஹாரியட்டும்

அ² − 5அ + 6 = 0 என்று கொடுத்தால், "பெருக்கினால் 6, கூட்டினால் 5" என்று தேடி (அ − 2)(அ − 3) = 0 என்று எழுதிவிடுவார்கள் பள்ளிப் பிள்ளைகள். இரண்டு எண்களைப் பெருக்கிப் பூஜ்யம் வந்தால் அவற்றில் ஒன்றாவது பூஜ்யமாகத்தானே இருக்க வேண்டும்! எனவே விடை 2 அல்லது 3. இவ்வளவுதான் விஷயம். ஆனால் ஐரோப்பாவில் இந்தப் பார்வை வர 17ஆம் நூற்றாண்டு ஆனது.

இருபடிச் சமன்பாடு அதைவிட மிகப் பழையது. 9ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி அதைத் தீர்த்தார், சதுரம் வரைந்து, குறையும் மூலையை நிரப்பி. அவர் குறை எண்களை ஏற்கவில்லை. அதனால் ஒருபடி, இருபடிச் சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி விதி சொன்னார். எல்லாவற்றையும் ஒரு பக்கம் தள்ளி, மறுபக்கம் பூஜ்யம் என்று வைக்க அங்கே இடமே இல்லை.

இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் தலைகீழாக யோசித்தார். முதலில் காரணிகளை எழுதினார், பெருக்கினார், சமன்பாடு பிறந்தது. ஒரு சமன்பாட்டுக்கு ஏன் இத்தனை மூலங்கள் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

மனிதர் சாமானியர் அல்ல. 1585ல் அமெரிக்காவின் ரோனோக் தீவுக்குக் கப்பலேறியவர். 1609ல், கலிலியோவுக்குச் சில மாதங்கள் முன்பே, தொலைநோக்கியில் நிலவைப் பார்த்து வரைந்தவர். ஒரே ஒரு குறை, கணிதத்தில் எதையுமே அச்சிடவில்லை! 1621ல் இறந்தார். தாள்களை நதானியேல் டார்ப்பொர்லி ஒழுங்குபடுத்த வேண்டும் என்று உயில் சொன்னது. ஆனால் 1631ல் புத்தகமாக வெளியிட்டவர் வால்ட்டர் வார்னர். குறை மூலங்களையும் கற்பனை மூலங்களையும் அதில் விட்டுவிட்டார்கள். டார்ப்பொர்லி கோபத்தோடு மறுப்பு எழுதத் தொடங்கினார், முடிக்கவில்லை.

1637ல் டெகார்ட்டும் காரணிகளைப் பெருக்கிச் சமன்பாடு உண்டாக்கிக் காட்டினார். 1685ல் ஜான் வாலிஸ், இது ஹாரியட்டிடமிருந்து எடுத்தது என்று குற்றம் சாட்டினார். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. வாலிஸின் நாட்டுப்பற்று கொஞ்சம் கூடுதலாகவே பேசியிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஹாரியட்டின் தாள்கள் 1784ல் பெட்வொர்த் மாளிகையில் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றின் இயற்கணிதப் பகுதியை ஜாக்குலின் ஸ்டெடால் ஆங்கிலத்தில் பதிப்பித்தது 2003ல்தான். வார்னர் விட்டுவிட்ட குறை மூலங்கள், கற்பனை மூலங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. எழுதியவர் இறந்து 382 வருடம் கழித்து!