சோல், ஹிப்-ஹாப், யோகி பி: ஒரு தாளம் வந்த வழி

'மடை திறந்து' என்றதும் அப்பா வயதுக்காரர்களுக்கு எஸ்.பி.பி. ஞாபகம் வருவார். பிள்ளைகளுக்கு யோகி பி! இரண்டு தரப்பும் சொல்வது ஒரே பாட்டைத்தான். 1980-இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டு, 2006-இல் மலேசியாவிலிருந்து ராப் ஆகித் திரும்பி வந்தது. "நல்ல பாட்டைக் கெடுத்துட்டாங்க" என்று திட்டியவர்கள் உண்டு. உண்மையில் அது கெடுத்ததா, வளர்த்ததா? பதில் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். முதல் ஊர், டெட்ராய்ட்.

மறைமலை நகர்க்காரர்களுக்கு டெட்ராய்ட் ஒன்றும் அந்நியமான பெயர் இல்லை. 2022 வரை இங்கே கார் தயாரித்த ஃபோர்டு கம்பெனி பிறந்த ஊர் அதுதான். அங்கே 1950-களில் ஃபோர்டின் லிங்கன்-மெர்க்குரி ஆலையில், அசெம்பிளி லைனில் வேலை பார்த்தார் பெர்ரி கார்டி என்ற கறுப்பின இளைஞர். 1959-இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி ஓர் இசைத்தட்டுக் கம்பெனி தொடங்கினார். அதுதான் மோட்டவுன். 'மோட்டார் டவுன்' என்பதன் சுருக்கம்! ஆலையில் பார்த்ததையே பாட்டிலும் செய்தார். எழுத ஓர் ஆள், மெட்டுக்கு ஓர் ஆள், வாசிக்க ஒரு குழு, கடைசியில் தரம் பார்க்க ஒரு கூட்டம். கறுப்பர்களின் தேவாலயப் பாட்டில் இருந்த உருக்கத்தை ஊர்ப்பாட்டோடு சேர்த்த 'சோல்' இசை இப்படித்தான் வீடு வீடாகப் போனது. இன்னொரு பக்கம் ஜேம்ஸ் பிரவுன், மெட்டைக் குறைத்துத் தாளத்தை முன்னால் கொண்டுவந்தார். அதற்கு 'ஃபங்க்' என்று பெயர்.

அடுத்த ஊர் நியூயார்க். கிளைவ் கேம்ப்பெல் ஜமைக்காவில் பிறந்து, 1967-இல் 12 வயதில் பிராங்க்ஸ் பகுதிக்கு வந்த பையன். 1973 ஆகஸ்ட் 11 அன்று, பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்று அவருடைய தங்கை ஒரு பார்ட்டி வைத்தார். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். பாட்டுப் போட்டது அண்ணன், அதாவது 'டிஜே கூல் ஹெர்க்'. பாட்டு நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் கூட்டம் வெறிபிடித்து ஆடுகிறது என்று அவர் கவனித்து வைத்திருந்தார். ஒரே தட்டில் இரண்டு பிரதி வாங்கி, இரண்டு டர்ன்டேபிளில் மாற்றி மாற்றிப் போட்டு, அந்தச் சில விநாடிகளை நிமிடக்கணக்கில் நீட்டும் வித்தையைக் கொண்டுவந்தார். ஜேம்ஸ் பிரவுன் தட்டுகள் அதற்கு வாகாக இருந்தன. நீண்ட தாளத்தின் மேல் பேச ஆரம்பித்தார்கள். ராப் வந்துவிட்டது.

ஆக, ஹிப்-ஹாப் பிறக்கும்போதே பழைய பாட்டின் மடியில்தான் பிறந்தது. புதிய வாத்தியம் வாங்கக் காசில்லாத பிள்ளைகள், முந்தின தலைமுறையின் தட்டுகளையே வாத்தியமாக்கிக் கொண்டார்கள்.

இப்போது மலேசியா. வெள்ளைக்காரன் காலத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் கட்டிக் கொண்டுபோன தமிழர்களின் வாரிசுகள் பெருமளவில் வாழும் நாடு. யோகி பி 1990-களில் 'போயட்டிக் அம்மோ' குழுவில் ராப் பாடினார். அதன் முதல் ஆல்பம் 1998-இல் வந்தது. அங்கே ஆங்கிலம்தான் முதன்மை. பிறகு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரோடும் 'நட்சத்ரா' என்ற பெயரில் சேர்ந்து, 2006-இல் 'வல்லவன்' என்ற தமிழ் ஆல்பம் போட்டார். 'மடை திறந்து' அதில்தான் வந்தது. பிராங்க்ஸ் பையனுக்கு ஜேம்ஸ் பிரவுன் எப்படியோ, தோட்டத் தமிழரின் பேரப்பிள்ளைகளுக்கு இளையராஜா அப்படி! படத்திலும் அது ஜெயிக்கத் துடிக்கும் ஓர் இசைக்கலைஞனின் பாட்டு. பொருத்தமாகத்தான் எடுத்திருக்கிறார்கள்.

அடுத்த வருடமே 'பொல்லாதவன்' படத்தில் எம்.எஸ்.வி.யின் 'எங்கேயும் எப்போதும்' பாட்டின் ரீமிக்ஸில் யோகி பி குரல் கேட்டது. 1994-லேயே 'காதலன்' படத்தில் 'பேட்டை ராப்' வந்திருந்தது உண்மைதான். ஆனால் சினிமாவுக்கு வெளியே, தமிழில் ராப் பாடியே ஓர் ஆள் பேர் வாங்கலாம் என்ற தைரியத்தைப் பலருக்குக் கொடுத்தது 'வல்லவன்'.

அப்படியானால் கெடுக்கவே இல்லையா? கெட்ட விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' 1970-இல் வந்தது. அதில் டிரம்ஸ் வாசித்தவர் கிளைட் ஸ்டப்பிள்ஃபீல்டு. அந்தச் சில விநாடித் தாளத்தை நூற்றுக்கணக்கான ஹிப்-ஹாப் பாடல்கள் எடுத்துப் பயன்படுத்தின. பாட்டின் உரிமை வேறொருவர் பெயரில் இருந்ததால், அவருக்கு ராயல்டியாகக் கிடைத்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. 2017-இல் அவர் இறந்தார். வாசித்தது கூலி வேலை, கூலி கொடுத்தாகிவிட்டது, கணக்கு முடிந்தது. அசெம்பிளி லைனில் நின்றவர்களுக்குப் புரியும் கணக்கு இது.

பழைய பாட்டைத் திரும்ப எடுப்பது தப்பில்லை. வாசித்தவனின் பெயரை அழித்துவிட்டு எடுப்பதுதான் தப்பு. இளையராஜாவின் பாடல்களுக்கு ஆண்டுக்கணக்காக டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன் 2020-இல் காலமானார். கல்யாண ரிசப்ஷனில் டிஜே இளையராஜா ரீமிக்ஸ் போடும்போது ஆடுகிற கால்களில் எத்தனைக்கு அந்தப் பெயர் தெரியும்? ஆடுங்கள், தாராளமாக ஆடுங்கள். ஆடி முடித்து உட்காரும்போது, அந்தத் தாளத்தைத் தட்டியது யார் என்று மட்டும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.